பிறந்த முதல் ஒரு மணி நேரம்: அம்மாவின் நெஞ்சா, வார்மரா, துணிப் பொதியா?

குழந்தை வெளியே வந்ததும் அதை எங்கே வைப்பது? பிரசவ அறையில் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். ஈரம் துடைத்து அப்படியே அம்மாவின் வெறும் நெஞ்சில் கவிழ்த்துப் போடலாம். மேலிருந்து சூடு தரும் வார்மர் கருவியில் கிடத்தலாம். துணியில் சுற்றி வெளியே காத்திருக்கும் பாட்டி கையில் கொடுத்துவிடலாம். நிறைமாதக் குழந்தை, வீறிட்டு அழுகிறது, மூச்சு சரியாக இருக்கிறது என்றால் முதல் வழிக்கு மற்ற இரண்டும் ஈடாகாது என்பேன்.

வார்மருக்குச் சொல்லப்படும் பெரிய காரணம் சூடு. நியாயமான கவலைதான். 37 டிகிரியில் இருந்த குழந்தை நனைந்த உடம்போடு ஏசி அறைக்குள் வருகிறது, ஈரம் உலர உலர சூடு இறங்கும். வார்மர் மேலிருந்து வெப்பத்தைப் பாய்ச்சி, வயிற்றில் ஒட்டிய சென்சாரைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கும். நல்ல கருவி. ஆனால் அம்மாவின் நெஞ்சும் அதே வேலையைச் செய்கிறது. தலைக்குத் தொப்பி போட்டு, இருவர் மேலும் உலர்ந்த துணியைப் போர்த்தினால் போதும். 1992-இல் மாட்ரிட்டில் தொட்டிலில் விட்ட குழந்தைகளையும் தாயின் தோலோடு ஒட்டிக் கிடந்தவர்களையும் முதல் 90 நிமிடம் ஒப்பிட்டார்கள். தாயோடு இருந்தவர்களுக்கு உடல் சூடும் ரத்தச் சர்க்கரையும் கூடுதலாக இருந்தன, அழுகை குறைவு.

கால் சில்லென்று இருக்கிறதா என்று நம் பாட்டிகள் தொட்டுப் பார்ப்பார்கள் அல்லவா? செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆய்வாளர்களும் பாதத்தின் சூட்டை அளந்தார்கள். தாயின் நெஞ்சில் இருந்த குழந்தைகளுக்குப் பாதம் நன்றாகச் சூடேறியது. தாயிடமிருந்து பிரித்து, ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை அறைக்குக் கொண்டுபோன குழந்தைகளுக்குக் குளிர்ந்தது. பதற்றத்தில் இருக்கும் உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிக்கொள்ளும்.

அடுத்தது பால். இதில் வார்மர் போட்டியிலேயே இல்லை. நெஞ்சில் விட்டால் குழந்தை முதலில் அசையாமல் கிடக்கும், பிறகு கண் திறக்கும், கையை வாயில் வைக்கும், எச்சில் விடும், காலை உந்தி மெல்ல நகரும், காம்பை நக்கும், ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே பிடித்துவிடும். வழிகாட்டுவது வாசனை. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தாயின் ஒரு மார்பைக் கழுவிவிட்டு மற்றதை அப்படியே விட்டார்கள். 30 குழந்தைகளில் 22 பேர் கழுவாத பக்கம் போனார்கள். பனிக்குட நீரின் வாசமும் இப்படி வழிகாட்டும், அது கையில் இருக்கட்டும். உடம்பைத் துடைக்கும்போது குழந்தையின் கைகளை விட்டுவிடுங்கள்.

துணியில் சுற்றினால் ஓரளவு சூடு நிற்கும், சொந்தங்களும் முகம் பார்க்கலாம். ஆனால் கை கட்டுண்டு, தேட வழியில்லாமல், சீம்பால் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில்தான் யாராவது சேனை என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு வைப்பார்கள். எனக்கு மூன்றிலும் பிடிக்காதது இதுதான். எடை பார்ப்பதும் வைட்டமின் கே ஊசியும் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். சொந்தங்களும் காத்திருக்கட்டும்.

சரி, வார்மர் ஜெயிக்கும் இடம்? குழந்தை அழவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் பேச்சே இல்லை, உடனே வார்மர்தான். முதல் நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். நெஞ்சில் இருக்கும்போதும் மூக்கு புதையாமல், கழுத்து மடங்காமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா அசந்து தூங்கிவிடலாம்.

சிசேரியன்தான் சிக்கல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் ஆபரேஷன்தான். உடம்பின் கீழ்ப்பாதி மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்தால் அம்மா விழிப்போடு இருப்பார், நெஞ்சில் குழந்தையைக் குறுக்காகப் போட இடமும் உண்டு. அதுவும் முடியாவிட்டால் அப்பா சட்டையைக் கழற்றி உட்காரலாம். ஸ்வீடனில் சிசேரியன் குழந்தைகளை ஒப்பிட்டபோது, அப்பா நெஞ்சில் இருந்தவர்கள் தொட்டிலில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே அழுதார்கள்.

எடை குறைந்த குழந்தை என்றால் இன்குபேட்டர்தான் என்று நினைக்கிறோம். கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், 1978-இல் டாக்டர் எட்கர் ரே குழந்தைகளை அம்மாவின் மார்போடு கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு முறை அங்கே பிறந்தது. ஆனாலும் குழந்தை கொஞ்சம் தேறிய பிறகுதான் இது என்றே வெகுகாலம் இருந்தது. தேறும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே தொடங்கினால் என்ன ஆகும் என்று இந்தியா உள்பட ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளிடம் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. அங்கே ஐசியூவுக்குள்ளேயே அம்மாவுக்கும் கட்டில் போட்டார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்ததுமே தொடங்கலாம் என்று தன் பரிந்துரையையே மாற்றியது.

பிரசவ வலி எடுத்த பிறகு இதைப் பேச நேரம் இருக்காது. எட்டாம் மாதச் செக்கப்பிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: குழந்தை நன்றாக அழுதால் நேரே என் நெஞ்சில் போடுவீர்களா, எவ்வளவு நேரம், ஆபரேஷன் என்றால் என்ன செய்வீர்கள், பக்கத்தில் யார் இருந்து பார்த்துக்கொள்வார்கள்?