ரப்பர் பால் பில்லுக்கு டெஸ்ட் எழுத கோபைலட்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கையால் போட வேண்டும்

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் கடைகளுக்கு பில் சாஃப்ட்வேர் செய்பவர்கள் ஒரு ரூபாயைக்கூட விட முடியாது. பால் கொண்டுவந்தவர் வாசலிலேயே கணக்குக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். பாலின் எடையை டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு) சதவீதத்தால் பெருக்கினால் உலர் ரப்பர் எடை. அதை அன்றைய விலையால் பெருக்கினால் தொகை. கோடும், அதைச் சோதிக்கும் டெஸ்டும் எழுதித் தரும் ஏ.ஐ. கருவியான கிட்ஹப் கோபைலட்டை எடைபோட இந்தச் சின்னக் கணக்கே போதும்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோட் எழுதும் எடிட்டரான வி.எஸ். கோடில் ஃபங்ஷனைத் தேர்ந்தெடுத்து, சாட்டில் ஸ்லாஷ் போட்டு 'டெஸ்ட்ஸ்' என்று கொடுத்தால் பைடெஸ்ட் (பைத்தான் கோடைச் சோதிக்கும் கருவி) ஃபைல் வந்துவிடும். எடை பூஜ்யம், மைனஸ் எடை, நூறைத் தாண்டிய டி.ஆர்.சி., எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து என்று, அலுப்பில் நாம் தாண்டிப்போகும் கேஸ்களை எடுத்து வைக்கும்.

தொகை சரியா என்பதில்தான் சிக்கல். 12.5 கிலோ பால், டி.ஆர்.சி. 34, விலை 178 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர் ரப்பர் 4.25 கிலோ, தொகை 756.50. அரை ரூபாயை மேலே ஏற்றும் கடையில் பில் 757. பைத்தானின் 'ரவுண்ட்' 756 தரும், ஏனென்றால் சரிபாதி வந்தால் அது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். கோடில் 'ரவுண்ட்' இருப்பதைப் படித்துவிட்டு டெஸ்டிலும் 756 என்றே எழுதிவைக்க வாய்ப்பு அதிகம். டெஸ்ட் எல்லாம் பச்சையாக, அதாவது பாஸாக, ஓடும், பக் அப்படியே கிடக்கும். கோட் செய்வதையே சரி என்று எடுத்துக்கொள்வது இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ள குணம்.

அதனால் கோடைக் காட்டும் முன்பே பில் போடும் விதியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுங்கள். கால்குலேட்டரில் போட்ட ஐந்தாறு வரிகளும் (எடை, டி.ஆர்.சி., விலை, தொகை) சேர்த்துக் கொடுத்து, 'பாராமீட்ரைஸ்' முறையில் (ஒரே டெஸ்டைப் பல எண்களுக்கு ஓட்டுவது) எழுதச் சொல்லுங்கள். தொகை வரியில் மட்டும் கருவியின் எண்ணை ஏற்காதீர்கள். டெஸ்ட் வந்ததும் கோடை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். பெருக்கலைக் கூட்டலாக்கியும் தொகையைச் சரிபார்க்கும் டெஸ்ட் பாஸானால் அந்த டெஸ்டை அழித்துவிடலாம். இப்படிக் கெடுத்துப் பார்ப்பதைத் தானாகச் செய்ய 'மியூட்மட்' என்ற கருவி இருக்கிறது. கவரேஜ் 100 சதவீதம் என்றால் அந்த வரிகள் ஓடின என்று மட்டுமே பொருள்.

கோபைலட் தானே கோடை மாற்றி டெஸ்டையும் ஓட்டும் ஏஜென்ட் மோடில் இன்னும் கவனம் தேவை. டெஸ்ட் ஃபெயிலானால் எதிர்பார்த்த எண்ணையே மாற்றிப் பாஸாக்கிவிடக்கூடும். டெஸ்ட் ஃபைலைத் தனியாகக் கமிட் செய்துவிட்டு, பிறகு 'கிட் டிஃப்' போட்டு அதில் என்ன மாறியது என்று பாருங்கள்.

எடை மெஷின் இணைப்புக்கு இதை நம்ப வேண்டாம். சீரியல் போர்ட்டுக்கு அது போடும் மாக் (மெஷினுக்குப் பதில் நிற்கும் போலி), ஒவ்வொரு முறையும் முழு எண்ணை ஒழுங்காகத் தரும். மெஷினிலிருந்து வருவதோ பாதி வரியில் அறுந்தும் வரும். மெஷின் அனுப்புவதை ஐந்து நிமிடம் ஃபைலில் பிடித்துவைத்து, அதையே டெஸ்டுக்கு ஊட்டச் சொன்னால் உருப்படியாக எழுதித் தரும்.