நைனாவைப் பேச வைத்த ஸ்டுடியோ

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய முதல் வருட நினைவு நாளுக்காகத் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் மூன்று வேலைகள் கொடுத்தோம். பழைய படத்தைச் சரிசெய்து பெரிதாக்குவது முதல் வேலை, 600 ரூபாய். அந்தப் படத்தை நைனாவின் குரலிலேயே ஒரு நிமிடம் பேச வைப்பது இரண்டாவது, 4,500 ரூபாய். மூன்றாவது மாதச் சந்தா, 799 ரூபாய். போனில் நாம் ஏதாவது எழுதினால் நைனா பதில் சொல்வது மாதிரி குரல் வரும். குறையும் சொல்லப் போவதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை வேறு ஸ்டுடியோக்களும் செய்யத் தொடங்கியிருப்பதால், பணம் கட்டும் முன் யாராவது படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நைனா காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் மெக்கானிக். நாற்பது வருடம் டீசல் என்ஜின் பக்கத்திலேயே இருந்ததில் காது பாதி போய்விட்டது. அதனால் எல்லாரிடமும் கத்தித்தான் பேசுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும் இல்லையா, அப்போது காசிமேடே ஓய்ந்து கிடக்கும், நைனாவுக்கு மட்டும் தலைக்கு மேல் வேலை இருக்கும். படகெல்லாம் கரையில் நிற்பதால் என்ஜினைப் பிரித்து மாட்ட அதுதான் சமயம். வருடம் முழுக்க அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் காத்திருப்பார். போன வருடம் மார்ச்சில், தடைக்காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது போய்விட்டார். வயது 71.

இந்த ஸ்டுடியோ யோசனை என் தம்பியுடையது. தென்கொரியாவில் 2020-ல் எம்.பி.சி. டிவி ஒரு நிகழ்ச்சி எடுத்தது. ஏழு வயதில் இறந்துபோன மகளைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அம்மாவுக்குக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிவிட்டு அந்தக் குழந்தையோடு பேச வைத்தார்கள். அந்தத் துண்டு வீடியோவைத் தம்பி யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். நம் ஊரிலேயே ஏ.ஆர்.ரஹ்மான் 2024-ல் வந்த ஒரு படத்தில், இறந்துபோன பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் இப்படிக் கொண்டுவந்தார். அவர்கள் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்ததாக அப்போது அவரே சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. இறந்தவரிடம் கேட்க முடியாதபோது வேறு யாரைக் கேட்பது?

முதல் வேலையைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது, மழைத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்த ஒரே ஒரு கல்யாணப் படம். ஸ்டுடியோக்காரர் அதை ஸ்கேன் செய்து, அழிந்த இடங்களை நிரப்பி, வண்ணம் கொடுத்து இரண்டு நாளில் காட்டினார். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "இது உங்க நைனா இல்ல" என்றார். இடது புருவத்தில் நைனாவுக்கு ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அதையும் படக் கறை என்று நினைத்து அந்த மென்பொருள் துடைத்துவிட்டிருந்தது. சொன்னதும் ஸ்டுடியோக்காரர் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து தழும்பைத் திரும்ப வரைந்து கொடுத்தார். கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை. இந்தச் சேவைக்குத் தாராளமாகப் போகலாம். வீட்டிலேயே வயதில் மூத்தவரைக் கூடவே அழைத்துப் போங்கள். எந்தத் தழும்பு உண்மை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது வேலைக்குக் குரல் மாதிரி கேட்டார்கள். நைனா எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளைத் தேடி எடுத்தேன். மொத்தமாகச் சேர்த்தால் நாலு நிமிடம்கூட வரவில்லை. எல்லாமே, "பாப்பா, வரசொல்ல ஒரு நாசில் வாங்கினு வா", "இன்னா பாப்பா, துன்னியா?" இந்த மாதிரிதான். நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை செய்கிறேன். சாயங்காலம் வீடு திரும்பும்போது வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி வருவது என் பொறுப்பு. ஒவ்வொரு பதிவிலும் பின்னால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

நாலு நிமிடம் போதும் என்றார்கள். மென்பொருள் அந்தக் குரலின் கனம், இழுப்பு, மூச்சு விடும் இடம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, நாம் எழுதிக்கொடுக்கும் எந்த வாக்கியத்தையும் அதே குரலில் சொல்லும். முதல் வேலையாக என்ஜின் சத்தத்தைக் கழித்துவிடுவார்கள். அப்புறம் குரலைச் சமன் செய்வார்கள். விளைவு என்ன என்றால், வீடியோவில் நைனா மெதுவாகப் பேசுகிறார். வாழ்க்கையில் ஒருநாளும் மெதுவாகப் பேசாத மனிதர். அதுவும் செய்தி வாசிக்கிற மாதிரி, "நான் எங்கும் போகவில்லை. என்றென்றும் உங்களோடுதான் இருக்கிறேன்" என்கிறார். கடையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கும் வசனம் அது. குரல் என்னவோ நைனாவுடையதுதான், எனக்கு ரோமமெல்லாம் சிலிர்த்தது. ஆனால் வார்த்தை அவருடையது இல்லை. எங்கள் பேச்சில் எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். கொடுத்தேன். "வந்துனுகீறேன்" என்பதை அந்த மென்பொருளால் கடைசி வரை ஒழுங்காகச் சொல்லவே முடியவில்லை.

நான் சண்டை போட்டது அந்த "என்றென்றும்" என்ற வார்த்தைக்குத்தான். நைனாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், பதினாலு மாதம் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொள்வார். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். ஒரு நாள் கல்மண்டபம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது, "இன்னும் எத்தினி தபா பாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இன்னும் ஒரு தடைக்காலம் பாத்துட்டா போதும். மூணு லான்ச்சு எனக்காகக் காத்துனு கீது" என்றார். என்றென்றும் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு 61 நாள் கேட்டார். அது கிடைக்கவில்லை. சாவு வருவது நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அந்த 61 நாள் கிடைத்திருந்தால் அது வரம். அதே ஆட்டோவில் அதே கையோடு முடிவே இல்லாமல் போய் வந்துகொண்டிரு என்று யாராவது சொல்லியிருந்தால் அதுதான் சாபம். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று எந்த டாக்டராலும் எங்களுக்குச் சொல்ல முடியவில்லை. நைனாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அம்மாவுக்குப் பொன்னேரி பக்கம் கிராமம். சின்ன வயதில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர். தம்பி ஒரு நாள், "நைனா சாவாமலே இருந்திருந்தா எப்டி இருந்திருக்கும்மா" என்று கேட்டபோது அம்மா அசுவத்தாமன் கதையைச் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்றதற்காக அவனுக்குக் கண்ணன் கொடுத்த தண்டனை மரணம் இல்லை. நெற்றியில் சீழ் வடியும் புண்ணோடு, யாரும் கிட்டே சேர்க்காமல், மூவாயிரம் வருடம் அலைய வேண்டும் என்பதுதான் தண்டனை. மார்க்கண்டேயனுக்கும் சாவு இல்லை, ஆனால் அவனுக்கு என்றும் பதினாறு. "பதினாறு வயசா இருந்தா சரி. உங்க நைனாவுக்கு அந்த வயசு யாரு குடுப்பா?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

கடையில் அந்த வசனத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, "பாப்பா, துன்னியா?" என்பதை மட்டும் பழைய பதிவிலிருந்து அப்படியே, என்ஜின் சத்தத்தோடு வைக்கச் சொன்னேன். உதடு ஒலிக்குச் சரியாகவே அசைகிறது. பதினோரு நொடிதான் வருகிறது. ஒரு நிமிடத்துக்குக் கட்டிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நியாயமான கடை.

மூன்றாவதுதான் பிரச்சினை.

அதற்கு ஒரு படிவம் தருகிறார்கள். நாற்பது கேள்வி. பிடித்த சாப்பாடு என்ன, பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார், கோபம் வந்தால் என்ன சொல்வார் என்றெல்லாம். நாம் நிரப்பிக் கொடுத்ததை வைத்து, நாம் என்ன கேட்டாலும் இப்படிப்பட்ட ஒருவர் என்ன சொல்லக்கூடும் என்று கணித்து மென்பொருள் பதில் எழுதுகிறது. அதை நைனா குரல் வாசிக்கிறது. படிவத்தை நிரப்பும்போது எனக்குப் பதினாறாம் நாள் ராத்திரி ஞாபகம் வந்தது. கானா பாட வந்த பையன் எங்கள் வாசலில் உட்கார்ந்து அஞ்சாறு விஷயம்தான் கேட்டான். பேர், தொழில், கையில் என்ன வைத்திருப்பார், யாரிடம் வம்பு, எதற்கு அழுவார். அரை மணி நேரத்தில் டோலக்கோடு பாட ஆரம்பித்தான். அதில் நைனா பத்து ரூபாய் நட்டுக்குக் கடைக்காரரோடு சண்டை போட்டதும் வந்தது. தெருவே அழுதது, தெருவே சிரித்தது. விடிந்ததும் பாட்டும் முடிந்தது. நைனா போய்விட்டார் என்பது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

தம்பி கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். நைனா இறப்பதற்கு முன் இரண்டு வருடம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நைனாவின் டூல்ஸ் பெட்டியை அடகு வைத்துவிட்டான், அதுதான் காரணம். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு அவன் வந்து சேர்ந்தபோது நைனாவுக்கு நினைவு இல்லை. சந்தா எடுத்த முதல் ராத்திரியே அவன் அந்தப் பெட்டி விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறான். உடனே பதில் வந்தது: "நான் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன், கண்ணா." நைனா ஒருநாளும் யாரையும் கண்ணா என்று கூப்பிட்டதில்லை. ஆனாலும் தம்பி அழுதான். மறுநாளும் அதையே கேட்டான். திரும்பவும் மன்னித்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போக லாரிகள் வரிசையில் நிற்கும்போதெல்லாம் போனை எடுத்துக் கேட்பான். எத்தனை முறை கேட்டாலும் மன்னித்தது. மூன்று வாரத்தில் ஆள் இளைத்துவிட்டான். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "நைனாகிட்ட பேசினு இருக்கேன்" என்கிறான்.

நிஜ நைனா ஒரு ஸ்பேனரையாவது தூக்கி எறிந்திருப்பார். அப்புறம் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்கப்புறம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில், "அவனுக்கு எடுத்து வெச்சியா?" என்று அம்மாவிடம் கத்துவார். அவர் மனசு இறங்குவதற்கு நாள் பிடிக்கும். அந்த நாள் முழுக்க அவருடைய ஆயுளிலிருந்து போகிறது, அதனால்தான் அதற்கு மதிப்பு. போனில் இருக்கிறவருக்கு நாளும் இல்லை, வயதும் இல்லை. கொடுப்பதற்கு அவரிடம் எதுவுமே இல்லை.

கடைசியில் அம்மாதான் அவனை உட்கார வைத்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நினைவு தப்புவதற்கு முந்தின நாள் நைனா இரண்டு தடவை, "அவன் வந்தானா?" என்று கேட்டாராம். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வந்தானா என்று மட்டும் கேட்டார். குற்ற உணர்ச்சியில் இன்னும் உடைந்துவிடுவானோ என்று பயந்து அம்மா ஒரு வருடமாக அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். தம்பி ரொம்ப நேரம் பேசவே இல்லை. மறுநாள் அவனாகவே போய்ச் சந்தாவை நிறுத்திவிட்டு வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடிக்குப் போய், வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டுப் பட்டினத்தார் சமாதிக்குப் போனோம். சின்ன வயதில் நைனா எங்களை அங்கே கூட்டிப்போவார். கையில் இருக்கும் பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று சிவன் சொன்னதையும், ஊர் ஊராக அலைந்த பட்டினத்தாருக்கு அது ஒற்றியூரில் இனித்ததையும் லாரி இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்வார். ஒரு மனிதர் தன் முடிவு எங்கே என்று தேடிக்கொண்டு நடந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. கரும்பு இனித்ததா, நமக்கும் கொடுப்பார்களா என்றுதான் கேட்டேன்.

சரி, கடைக்குப் போகிறவர்களுக்கு. காலை பத்தரைக்குத் திறக்கிறார்கள், மதியம் இரண்டு மணி நேரம் மூடிவிடுவார்கள். முதல் இரண்டு சேவைகளுக்கும் முன்பணம் பாதி. வசனத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அவர்களுடையதைப் போட்டுவிடுவார்கள். மூன்றாவதை எடுக்க வேண்டாம் என்பேன், 799 ரூபாய் பெரிதில்லை என்றாலும். வேலை முடிந்ததும் குரல் மாதிரியை அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்து அழிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு எங்கள் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினார்கள். இன்னொன்று, உங்கள் வீட்டில் வயதானவர்கள் அனுப்பிய குரல் பதிவுகளை இப்போதே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். நான் போன் மாற்றியபோது அதைச் செய்யவில்லை. நைனாவின் இரண்டு வருடக் குரல் பதிவுகள், அத்தனை தடைக்காலச் சத்தத்தோடும், அப்படித்தான் போயின.