எஞ்சின் பேரை மட்டும் கேட்டு 'முழு கிளட்ச் செட்' விற்பவர்களிடம் உஷார்

கிட் காரில் (பாகங்களை வாங்கி நாமே கட்டும் காரில்) எஞ்சின் மாற்றப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "கன்வர்ஷன் கிளட்ச் செட், எல்லாம் உள்ளே இருக்கு, அப்படியே மாட்டலாம்" என்று விற்கப்பட்ட ஒரு பெட்டியில் ஐந்து உருப்படிகள் இருந்தன: ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்), பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது), கிளட்ச் பிளேட் (சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது), கான்சென்ட்ரிக் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி கிளட்சை விடுவிப்பது), போல்ட்டுகள். குறை சொல்ல முடியாமல் இருந்தது போல்ட்டுகள் மட்டும்தான்.

வண்டியில் இருப்பது ஃபோர்டு செடெக் 2.0 எஞ்சின், ஃபோர்டு டைப் 9 கியர்பாக்ஸ். செடெக் முன்சக்கர வண்டியில் குறுக்காக உட்காரப் பிறந்த எஞ்சின். டைப் 9 பின்சக்கர வண்டியின் கியர்பாக்ஸ். கிட் கார்களில் இந்த ஜோடி சகஜம், அதனால் விற்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் ஆர்டர் எடுக்கும்போது அவர் கேட்டது எஞ்சின் பெயர் ஒன்றைத்தான். எந்த கியர்பாக்ஸ், எந்த பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), பெடலில் எந்த அளவு மாஸ்டர் சிலிண்டர் (மிதித்ததும் ஸ்லேவுக்குத் திரவத்தைத் தள்ளுவது) என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே ஆர்டரை நிறுத்தியிருக்க வேண்டும்.

காரணம் இதுதான். கிளட்ச் செட்டில் ஒவ்வொரு பாகமும் வேறு வேறு இடத்துக்குக் கட்டுப்பட்டது. ஃப்ளைவீலின் நடு ஓட்டையும் போல்ட் வட்டமும் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) பார்த்து அமைய வேண்டும். அதன் விளிம்பில் உள்ள ரிங் கியர் பற்கள் நீங்கள் வைத்திருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரோடு சேர வேண்டும். பிரஷர் பிளேட் ஃப்ளைவீலைப் பார்த்து வாங்க வேண்டியது. கிளட்ச் பிளேட்டின் வெளி விட்டம் பிரஷர் பிளேட்டுக்கும், நடு ஸ்ப்ளைன் (உள்பற்கள்) கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டுக்கும் (சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டுக்கும்) பொருந்த வேண்டும். ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட் விரல்களுக்கும் (நடுவில் நீட்டியிருக்கும் ஸ்பிரிங் நாக்குகளுக்கும்) கியர்பாக்ஸ் முகத்துக்கும் நடுவில் கிடைக்கும் இடத்தைப் பொறுத்தது. எஞ்சின் பெயரை வைத்து இதில் முடிவு செய்யக்கூடியது முதல் பாகத்தை மட்டுமே.

முதலில் வந்த கிளட்ச் பிளேட் இன்புட் ஷாஃப்டில் ஏறவே இல்லை. டைப் 9 ஷாஃப்ட் 1 அங்குலம், 23 பல். வந்தது எஞ்சின் முதலில் இருந்த முன்சக்கர வண்டியின் பிளேட். இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் தப்பு, அதனால் பெரிய ஆபத்தில்லை. பல் எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்கினால் போதாது, விட்டமும் வேண்டும். டி5 கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபோர்டு முஸ்டாங்கில் வந்தது 1 1/16 அங்குலம், 10 பல். ஜெனரல் மோட்டார்ஸ் கமாரோவில் வந்தது 1 1/8 அங்குலம், 26 பல். கியர்பாக்ஸின் பெயர் ஒன்று, பிளேட் வேறு. கையில் இருக்கும் ஷாஃப்டில் வெர்னியர் (நுண் அளவுகோல்) வைத்து அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. சரியான பிளேட் தன் எடையிலேயே ஷாஃப்டில் வழுக்கி இறங்கும், சுற்றுவாக்கில் மயிரிழை ஆட்டம் இருக்கும்.

மாற்றி அனுப்பிய இரண்டாவது பிளேட்தான் மோசமான கண்ணி. ஸ்ப்ளைன் சரி, விட்டம் சரி, அழகாக உட்கார்ந்தது. ஆனால் நடு ஹப்பைச் சுற்றி ஸ்பிரிங்குகளை மூடியிருக்கும் தகடு ஃப்ளைவீல் பக்கம் அதிகமாகப் புடைத்திருந்தது. கிராங்க் போல்ட் தலைகள் அதில் உரசின. வெளியே தெரிந்த அறிகுறி, கிளட்ச் முழுசாகக் கட் ஆகவில்லை (எஞ்சினிலிருந்து விடுபடவில்லை) என்பது. பெடலை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் கர்ரென்று கத்தியது. "ஏர் எடுங்க, பெடலை அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார் விற்றவர். ஏர் எடுப்பது என்றால் கிளட்ச் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் தகட்டில் பளபளவென்று ஒரு வட்டக் கோடு, ஆறு போல்ட் தலைகளின் விளிம்பிலும் அதே பளபளப்பு. பிளேட்டைத் திருப்பி மாட்டினாலும் இதே தடம் விழும் என்பதால் 'ஃப்ளைவீல் பக்கம்' என்ற அச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அச்சு சரியான பக்கம்தான் இருந்தது, பிளேட்தான் தப்பு.

இதை மாட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். போல்ட் தலைகள் மேல் களிமண் உருண்டை வையுங்கள். பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் முழு டார்க்கில் இறுக்கிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளவிடுங்கள். புது பிளேட்டில் 2 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். பிளேட்டின் லைனிங் (உராயும் பரப்பு) தேயத் தேய ஹப் ஃப்ளைவீலை நோக்கி நகரும், இன்றைக்கு அரை மி.மீ. தப்பித்தால் நாளைக்கு உரசும்.

ஸ்பிரிங் விஷயத்தில் இன்னொன்று. எஞ்சினுடன் முதலில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல்) வந்திருந்தால், அதன் கிளட்ச் பிளேட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது, அந்த வேலையை ஃப்ளைவீலே செய்யும். ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாறிவிட்டு அதே பிளேட்டைப் போட்டால் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், பற்கள் அடி வாங்கும்.

வாங்கிய இந்தச் செட்டில் பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்ட்டின் முன்முனையைக் கிராங்க்கில் தாங்குவது) இல்லவே இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: "இந்த எஞ்சினுக்கு ஒரிஜினலாகவே கிடையாது." பாதி உண்மை. குறுக்கு எஞ்சினின் கியர்பாக்ஸில் இன்புட் ஷாஃப்ட் பெட்டிக்குள்ளேயே இரு பேரிங்குகளில் நிற்கும், கிராங்க்கின் உதவி அதற்கு வேண்டாம். டைப் 9 மாதிரியான கியர்பாக்ஸில் ஷாஃப்ட்டின் முன்மூக்கு கிராங்க்கின் பின்முனையில் ஊன்றியே ஆக வேண்டும். பைலட் பேரிங் இல்லாமல் ஓட்டினால் ஷாஃப்ட் ஆடும், பிளேட் இழுபடும், கியர் கஷ்டப்பட்டு விழும், பிறகு இன்புட் பேரிங்கும் சின்க்ரோவும் (கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போக வைப்பது) போகும். கிராங்க் ஓட்டையின் உள்விட்டம், ஷாஃப்ட் மூக்கின் வெளிவிட்டம் இரண்டையும் அளந்து அதற்கேற்ற பேரிங்கோ லேத்தில் கடைந்த புஷ்ஷோ போடுங்கள். மூக்கு பேரிங்குக்குள் முழுசாக நுழைகிறதா, கிராங்க்கின் அடியில் முட்டாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பிரஷர் பிளேட் புதிது என்று விற்கப்பட்டது. போல்ட் ஓட்டைகளுக்குள் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. விரல் நுனிகளில் பெயின்ட்டைச் சுரண்டினால் பழைய ரிலீஸ் பேரிங் தேய்த்த பள்ளம். ரீகண்டிஷன் செய்த சரக்கை அப்படிச் சொல்லி விற்றால் யாருக்கும் புகாரில்லை. புதிது என்று சொன்னதுதான் ஏமாற்று.

ஃப்ளைவீல் 'லைட்வெயிட்'. உண்மையில் பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலின் பின்பக்கத்தை லேத்தில் குடைந்தது. பேலன்ஸ் செய்ததற்கான துளை ஒன்றுகூட இல்லை, பிரஷர் பிளேட்டை மையத்தில் நிறுத்தும் டோவல் பின்களும் இல்லை. டோவல் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் பிரஷர் பிளேட் சற்று விலகி உட்காரும், அதிர்வு வரும். வார்ப்பிரும்பைக் கண்டபடி மெலிதாக்குவது இந்தப் பட்டியலிலேயே மிகவும் ஆபத்தானது. அதிக ஆர்.பி.எம்.மில் அது வெடித்தால் பெல் ஹவுசிங் தாங்காது, கிட் காரில் உங்கள் பாதம் அதை ஒட்டித்தான் இருக்கும். எடை குறைந்த ஃப்ளைவீல் வேண்டுமென்றால் ஸ்டீலில் செய்ததை வாங்குங்கள். மாட்டிய பிறகு டயல் கேஜில் (நுண் ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) முகத்தின் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அடாப்டர் பிளேட் (எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் வைக்கும் இணைப்புத் தகடு) போட்டிருந்தால் பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையையும் கிராங்க்கில் கேஜ் கட்டிச் சுற்றிப் பாருங்கள், மொத்த ரீடிங் 0.13 மி.மீ.யைத் தாண்டக்கூடாது.

ஸ்லேவ் சிலிண்டரில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிரஷர் பிளேட்டை முழுசாக இறுக்கிய பிறகு பெல் ஹவுசிங்கின் கியர்பாக்ஸ் முகத்திலிருந்து விரல் நுனி வரை ஆழம் அளவிடுங்கள். ஸ்லேவை முழுசாகப் பின்னால் அமுக்கி, கியர்பாக்ஸ் முகத்திலிருந்து பேரிங் முகம் வரை உயரம் அளவிடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது இடைவெளி. இந்தச் செட்டில் 62.5, 61.8, ஆக 0.7 மி.மீ. வழக்கமாக வேண்டியது 3 முதல் 5 மி.மீ., ஆனாலும் ஸ்லேவைத் தயாரித்தவரின் தாள் சொல்வதே கணக்கு. பிளேட் 1 மி.மீ. தேய்ந்தால் விரல் நுனிகள் 3, 4 மி.மீ. கியர்பாக்ஸ் பக்கம் வரும். 0.7 மி.மீ. இடத்தை வைத்துக்கொண்டால் கால் மி.மீ. தேய்வதற்குள் பிஸ்டன் அடியில் முட்டி, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். புது கிளட்ச் ஏன் ஸ்லிப் ஆகிறது என்று அப்புறம் தலையைச் சொறிய வேண்டியதுதான். இடைவெளி மிக அதிகமானாலும் வம்பு, பிஸ்டன் எல்லை தாண்டி வெளியே வந்து சீல் போகும். அதற்கு ஸ்லேவுக்குப் பின்னால் சரியான கன ஷிம் (இடைவெளி நிரப்பும் தகடு) வைக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை, கடினமும் இல்லை. ஸ்லேவ் பிஸ்டன் பரப்பு 800 சதுர மி.மீ., மாஸ்டரின் நகர்வு 30 மி.மீ. என்று வையுங்கள். 5/8 அங்குல மாஸ்டர் பேரிங்கை 7.4 மி.மீ. தள்ளும், 0.70 அங்குலம் 9.3, 3/4 அங்குலம் 10.7. கிளட்ச் கட் ஆக 8.5 வேண்டுமென்றால் 5/8 ஆகவே ஆகாது, எத்தனை முறை ஏர் எடுத்தாலும் சரி. 3/4 போட்டால் நகர்வு தாராளம், ஆனால் 5/8-ஐ விடப் பெடல் 44 சதவீதம் கனக்கும். 0.70 போட்டு, பெடலுக்கு ஒரு ஸ்டாப் வைப்பது உத்தமம்.

கடைசியாக, புகார் செய்தபோது அதே விற்பனையாளர் பரிந்துரைத்தது "ரேஸ் பேடில் பிளேட்" (முழு வளையத்துக்குப் பதில் துண்டு துண்டான கடின லைனிங் உள்ள கிளட்ச் பிளேட்). தேவையே இல்லை. சாதாரண ஆர்கானிக் லைனிங்கில் உராய்வு எண் 0.28, பிரஷர் பிளேட் அழுத்தம் 4500 நியூட்டன், சராசரி ஆரம் 90 மி.மீ., இரண்டு முகங்கள்: பெருக்கினால் சுமார் 227 நியூட்டன் மீட்டர். 180 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினுக்கு, அதுவும் கிட் காரின் எடைக்கு, இது போதும். பேடில் போட்டால் கிளம்பும்போது வண்டி குதிக்கும், ஃப்ளைவீல் முகமும் சீக்கிரம் தேயும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததற்கு அவர் சொன்ன காரணம், "மாட்டிப் பார்த்துட்டீங்க." அதனால் பெட்டியைப் பிரித்ததுமே, துரு காக்கும் எண்ணெயைத் துடைப்பதற்கு முன், ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியர் ரீடிங் தெரியும்படி படம் எடுங்கள். ஆர்டருக்கு முன்பே ஷாஃப்ட் விட்டம், பல் எண்ணிக்கை, மேலே சொன்ன ஆழம், மாஸ்டர் அளவு எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பி, "இதற்குப் பொருந்தும்" என்ற பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். பிரஷர் பிளேட்டில் போல்ட் தடம் விழுந்த பிறகு எந்த வாதமும் எடுபடாது. களிமண் சோதனைக்கு முன் ஸ்ப்ளைன், பெயின்ட், டோவல் மூன்றையும் பார்த்துவிடுங்கள், அவற்றுக்கு ஸ்பேனரே தேவையில்லை.