கன்னத்தில் ஒதுக்கும் கம்: எட்டு மாதம் மென்ற கணக்கு வாத்தியாரின் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதன் ருசி நன்றாக இல்லை. பெட்டியில் புதினா என்று போட்டிருக்கிறது. வாயில் போட்ட முதல் நிமிடம் புதினாதான். அப்புறம் மிளகைக் கடித்தமாதிரி ஒரு காரம், தொண்டையில் ஒரு கரகரப்பு, கடைசியில் சாம்பலை நக்கியது போல ஒரு கசப்பு. பழச்சுவை என்று இன்னொன்று இருக்கிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள். காய்ச்சல் மருந்துக்குள் பீடியை நனைத்துக் கொடுத்தமாதிரி இருந்தது. ஒரே ஒரு அட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் சொல்வது சிகரட்டைக் கைவிட மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கம் பற்றி. எட்டு மாதமாக மெல்லுகிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன், வெளியே இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைக் குளிர், கையில் நேரம். வெளிநாட்டில் படிப்பிக்கப் போகும் நம் ஆட்கள் இரண்டு பேர் இதைப்பற்றிக் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

2022இல் கேஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற சமயம், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கம் வழி திறந்தது. நானும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கொழும்புக்குமாக அலைந்து, மாலைதீவில் ஒரு சின்னத் தீவுப் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்கப் போனேன். ஒன்பது வருட சேவையோடு பதினாறு வருட சிகரட் பழக்கத்தையும் கொண்டுபோனேன். ஒரு நாளைக்கு எட்டு கோல்ட் லீஃப்.

இங்கே அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. மூடிய பொது இடங்களில் புகைக்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நாங்கள் அதை, ஆசிரியர் அறைக்குள் பிடிக்கக்கூடாது, தண்ணித் தாங்கிக்குப் பின்னால் பிடிக்கலாம் என்று புரிந்துகொண்டோம். இடைவேளை மணி அடித்தால் படியிறங்கிப் பாதையோரத் தேத்தண்ணிக் கடை. அங்கே லைட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு சிகரட், ஒரு பிளேன்டி, வாயில் ஒரு கராம்பு. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த பையன் ஒருவனைப் போன வருடம் டிக்கோயாவில் பார்த்தேன். "கராம்பு வாசம் வந்தா நீங்க வர்றீங்கன்னு தெரியும் சேர், நாங்க கொப்பியத் தொறந்துருவோம்" என்றான்.

தீவில் தண்ணித் தாங்கிக்குப் பின்னால் என்று ஓர் இடமே கிடையாது. ஊரைச் சுற்றி நடந்தால் இருபது நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். கடைக்காரர் ஒரு பிள்ளையின் அப்பா, தோணிக்காரர் இன்னொரு பிள்ளையின் மாமா. அங்கேயும் சிகரட் பிடிக்கும் ஆசிரியர்கள் உண்டு. என்னோடு வேலை செய்த இருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, இறங்குதுறை இருட்டில் நின்று பிடிப்பார்கள். பாடசாலை நேரத்தில் அவர்களுடைய சட்டைப் பையில் பெட்டிகூட இருக்காது. எனக்கு அது பிடிபட ஒரு தவணை ஆனது.

பிடிபடவைத்தது எங்கள் லீடிங் டீச்சர். பாடத்துறைக்குப் பொறுப்பானவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு குரலும் உயர்த்தவில்லை. சிகரட் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "சேர், இடைவேளைக்குப் பிறகு உங்கள் வகுப்பு கொஞ்சம் தாமதமாகத் தொடங்குகிறது. பக்கத்து வகுப்பு மிஸ் இரண்டு அறையையும் பார்த்துக்கொள்கிறார்" என்றார், அவ்வளவுதான். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாசலைத் தாண்டிப் போக இரண்டு நிமிடம், பிடிக்க ஐந்து, வாய் கழுவித் திரும்பி வர இரண்டு. ஒன்பது நிமிடம். பாடசாலை நேரத்தில் இரண்டு தடவை, வாரத்தில் ஐந்து நாள். தொண்ணூறு நிமிடம். எங்கள் பாடவேளை நாற்பது நிமிடம். வாரத்துக்கு இரண்டு பாடவேளைக்கு மேல் என் பிள்ளைகளை அந்த மிஸ் சம்பளமில்லாமல் மேய்த்திருக்கிறார். மணம், சுவாசப்பை, மார்க்கம், சட்டம் என்று யார் எதைச் சொல்லியிருந்தாலும் பதில் வைத்திருந்தேன். தொண்ணூறு நிமிடத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பர் 15 முதல் மாலைதீவுக்குள் வேப் (மின்சிகரட்) கொண்டுவரத் தடை. டிசம்பர் 15 முதல் வைத்திருப்பதும் பாவிப்பதும் குற்றம். வயது வித்தியாசம் கிடையாது, சுற்றுலா வருபவருக்கும் இதுதான். சிகரட்டை விட்டு வேப்புக்கு மாறலாம் என்று நினைத்துப் பயணப் பையைக் கட்டுபவர்கள் இதைக் கவனியுங்கள். அதற்கு மேல் 2025 நவம்பர் 1 முதல், 2007 ஜனவரி முதலாம் திகதியோ அதற்குப் பிறகோ பிறந்த எவருக்கும் அங்கே புகையிலை விற்கவும் கூடாது, அவர்கள் பாவிக்கவும் கூடாது. அவர்களுக்கு இருபத்தொன்றோ அறுபதோ ஆனாலும் சட்டம் மாறாது. என் தரம் 10 வகுப்பில் மூத்த பிள்ளை பிறந்தது 2009இல். வாழ்நாள் முழுக்கச் சிகரட் வாங்க முடியாத இருபத்தாறு பிள்ளைகள் முன்னால், சட்டையில் சிகரட் மணத்தோடு நின்று இருபடிச் சமன்பாடு படிப்பிப்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, கம்முக்கு வருவோம்.

இரண்டு அளவில் கிடைக்கிறது, 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம். காலையில் கண் விழித்து அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் தேவைப்படுகிறவருக்கு 4, மற்றவர்களுக்கு 2 என்பது பொதுவான விதி. நான் பல் விளக்குமுன் பற்றவைக்கிற ஆள். அதனால் 4இல் தொடங்கினேன். ஹட்டனில் ஏறி இறங்கிய மூன்று பார்மசியிலும் இல்லை. ஒன்றில் இருமல் டொபியை எடுத்து நீட்டினார்கள். கடைசியில் கண்டியில் கிடைத்தது. விலை? எட்டு கோல்ட் லீஃப் செலவோடு பார்த்தால் கூடுதல் என்று சொல்லமாட்டேன். மலிவு என்றும் சொல்லமாட்டேன்.

முதல் வாரம் முழுக்கத் தப்பாகவே மென்றேன். பபிள்கம் மாதிரி அரைத்துத் தள்ளினால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். விக்கல் வரும், நெஞ்செரியும், குமட்டும். எனக்கு விக்கல் வந்தது தரம் 7 வகுப்பில், பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது. ஒவ்வொரு விக்கலுக்கும் பின்வரிசை எண்ண ஆரம்பித்தது. பதினேழு வரை போனது.

சரியான முறை இதுதான். மெதுவாகச் சில தடவை மெல்ல வேண்டும். நாக்கில் அந்தக் காரம் ஏறியதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் பல் முரசுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லல், மறுபக்கம் ஒதுக்கல். இப்படியே அரை மணித்தியாலம். வாயின் உட்தோல் வழியாகத்தான் நிக்கோட்டின் இறங்குகிறது. துண்டுச் சீட்டில் இதையெல்லாம் ஆங்கிலத்தில் வாசித்து முடித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மாயி நாற்பது வருடம் கொழுந்து மலையில் செய்தது இதையேதான். இரண்டு நிரைக்கு ஒரு தடவை வெற்றிலையும் பொயிலையும் ஒரு மெல்லல், அப்புறம் இடது கன்னத்தில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு வீக்கம். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் அந்த வீக்கம் இறங்காது.

இதைச் சொன்னதும் எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர், "அப்ப ஏன் தம்பி காச கரியாக்குற, வெத்தலையே போடலாமே" என்றார். கூடாது. பொயிலையும் பாக்கும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருபவை. எங்கள் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் அதற்குச் சாட்சி இருக்கிறது. கம்மில் இருப்பது நிக்கோட்டின் மட்டும், புகையிலை கிடையாது. நிக்கோட்டினும் பழக்கமாக்கும்தான். ஆனால் தாரும் புகையும் இல்லை.

வகுப்பறை நாகரிகம் என்று பார்த்தால் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகளை "வாயில என்ன, துப்பு" என்று சொல்கிற ஆள் தானே அசைபோட முடியுமா? நான் பாடம் தொடங்க முன் மென்று ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே போவேன். ஒதுக்கியிருக்கும்போது 'ழ'வும் 'ள'வும் கொஞ்சம் குழறும். கணிதத்தில் பெரிதாகத் தெரியாது. தமிழோ ஆங்கிலமோ படிப்பிக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் சந்திப்பு, அதிபர் அறை, கூட்டம், இங்கெல்லாம் வாயில் எதுவும் வேண்டாம். முடிந்த கம்மைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், மேசைக்கு அடியில் ஒட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று எடுத்துத் தின்றால் ஆபத்து. ஆகவே ஆசிரியர் அறை மேசையில் அட்டையைத் திறந்து போட்டு வைக்கவும் கூடாது.

நோன்பு மாதத்தில் இது கைவிட்டுவிட்டது. பகலில் மற்றவர் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்காத ஊரில் தாடை அசைந்தாலே போதும், தலைகள் திரும்பும். ஒரு நாள் ஒதுக்கிய கம்மோடு ஆசிரியர் அறைக்குள் போய்விட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு அந்த மாதம் தோளில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டிக்கு மாறினேன். சட்டைக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது, நோன்பிருப்பவர் முன்னால் மரியாதைக் குறைவும் இல்லை. தூக்கத்தில்தான் விசித்திரமான கனவெல்லாம் வந்தது. தோட்டத்துத் தொரை என்னிடம் கேத்திர கணிதம் படிக்க வந்தார்.

மற்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் விசாரித்துக்கொண்டு போங்கள். ஜப்பானில் 2019 ஜூலை முதல் பாடசாலை வளவுக்குள் பொதுவாகப் புகைக்கக்கூடாது. என் கூட்டாளி ஒருவன் சிங்கப்பூர் போகிறான். அங்கே 1992இலிருந்து சூயிங்கமே தடை. 2004இல் நிக்கோட்டின் கம், பல்லுக்கான கம் போன்ற மருத்துவக் கம்முக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள், அதுவும் மருந்தாளரிடமோ வைத்தியரிடமோதான் வாங்க வேண்டும். பையில் அட்டை அட்டையாகத் திணித்துக்கொண்டு போய் விமான நிலையத்தில் இறங்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. கோப்பி, பழச்சாறு, சோடா குடித்து கால் மணித்தியாலத்துக்குள் கம் போட்டால் நிக்கோட்டின் சரியாக இறங்காது. வாயில் கம் இருக்கும்போதும் இவற்றைக் குடிக்கக்கூடாது. தேத்தண்ணிக்கும் நான் அதே விதியைத்தான் வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு இது லேசான காரியம் இல்லை. இங்கே ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுமுன் கோப்பை வந்துவிடும்.

இப்போது என் கணக்கு: நாளொன்றுக்கு எட்டுச் சிகரட் என்பது பாடசாலை நாளில் பூச்சியம். ஆரம்பத்தில் பத்துக் கம் வரை போனேன், இப்போது 2 மில்லிகிராமில் மூன்று. பன்னிரண்டு வாரத்தில் விட்டுவிட வேண்டும் என்று சீட்டில் இருக்கிறது, நான் எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். வைத்தியரைப் பார்த்துக் கேட்க வேண்டும். விடுமுறையில் மூன்று சிகரட் பிடித்தேன், மறைக்கவில்லை. மூன்றும் கல்யாண வீடுகளில். பக்கத்து வகுப்பு மிஸ் இப்போது தன் வகுப்பை மட்டும் பார்க்கிறார். ஊருக்குக் கிளம்பும்போது தேயிலைப் பொட்டலம் ஒன்று கேட்டிருக்கிறார், பொகவந்தலாவைத் தேயிலைதான் வேண்டுமாம். கணக்குத் தீரட்டும் என்று இரண்டாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ருசிக்கு ஒன்று வெட்டினேன், நோன்பு மாதத்துக்கு ஒன்று. விட்டே ஆகவேண்டும் என்ற எண்ணம் இல்லாதவருக்கு இது வெறும் காரமான மிட்டாய். தனியாக முடியாதவர்களுக்கு இலங்கையில் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

நேற்று பழைய பாடசாலைப் பக்கம் போனேன். பாதையோரக் கடையில் அதே கடைக்கார அண்ணன், நூலில் அதே லைட்டர். என்னைக் கண்டதும் கேட்காமலே பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "வேணாண்ணே, ஒரு பிளேன்டி மட்டும்" என்றேன். இஞ்சி போட்டு, சீனி தனியாகக் கையில் வைத்துக் கொடுத்தார். ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் கன்னத்தில் கம் ஒதுக்கியிருந்தது ஞாபகம் வந்தது. பிளேன்டியும் போச்சு, கம்மும் போச்சு. கம்மை ஒரு பழைய லொத்தர் சீட்டில் சுற்றிப் போட்டுவிட்டு, "அண்ணே, இன்னொன்னு ஊத்துங்க" என்றேன்.