மதுரையில் இறங்கி அடுத்த பிளைட்டுக்கு நேரம் இருக்கிறதா? பெட்டியை வண்டியில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மதுரைக்கு வந்து, அதே நாள் சாயங்காலம் வேறு டிக்கெட்டில் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நடுவில் ஆறேழு மணி நேரம் கிடைக்கும். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மீனாட்சியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். நானும் அம்மாவும் போன மாதம் அப்படித்தான் கிளம்பினோம். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்களிடம் எந்தெந்த இடத்தில் எப்படிப் பணம் பிடுங்கினார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் ஒரு விஷயம். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. நாமே எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பிறகு மறுபடி போட வேண்டும். ஆக, ஊர் சுற்றும்போது பெட்டியும் கூடவே வரும். வந்த வினை எல்லாம் அதில்தான்.

டெர்மினலை விட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று. ஆப்பில் வண்டி தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒருவர் வந்து, "டவுனுக்காண்ணே? அம்மா, பெட்டியைக் குடுங்கம்மா" என்று கைப்பிடியைப் பிடித்துவிட்டார். கோயில், நாயக்கர் மகால், சாப்பாடு, திரும்ப ஏர்போர்ட், எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று பேசினோம். பேசி முடித்ததும் பெட்டியில் சுற்றியிருந்த விமான டேக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிங்கப்பூரா? அடுத்த பிளைட் எத்தனை மணிக்குண்ணே?" என்றார். ஆறு பத்துக்கு என்றேன். "நாலு மணிக்கெல்லாம் கொண்டாந்து விட்டுர்றேண்ணே, கவலையே படாதீங்க." அக்கறையாகக் கேட்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

வண்டி டி-போர்டு இல்லை. வெள்ளை நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான கார். வாடகைக்கு ஓட்டவே கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். மஞ்சள் பிளேட் இல்லாத வண்டியில் பெட்டியை ஏற்றவே வேண்டாம்.

அவனியாபுரம், வில்லாபுரம் தாண்டித் தெற்குவாசல் பக்கம் நெரிசலில் நின்றபோது அவருக்கு ஒரு போன் வந்தது. வைத்துவிட்டு, "நடை சாத்தியாச்சாம்ணே. இனி நாலு மணிக்குத்தான்" என்றார். அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மீனாட்சியம்மன் கோயில் காலை 5 மணிக்குத் திறந்து மதியம் 12.30 வரை இருக்கும், பிறகு 4 மணிக்குத் திறப்பார்கள். மதியம் சாத்துவது உண்மைதானே, வெளியூர்க்காரர்களுக்கும் அது அரைகுறையாகத் தெரியும். அதனால் இந்தப் பொய் எளிதில் எடுபடுகிறது. "அதுக்கென்னண்ணே, நம்மாளு கடை ஒண்ணு இருக்கு. மாடியில நின்னா கோபுரம் பூராத் தெரியும். காசு கீசு ஒண்ணும் வேணாம்."

கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளுக்குள் வண்டி போகாது. ஆவணி மூல வீதிப் பக்கமோ மாசி வீதியிலோ இறங்கி நடக்க வேண்டும். நாங்கள் இறங்கினோம், பெட்டி டிக்கியிலேயே இருந்தது, வண்டி "அங்கிட்டு பார்க்கிங்ல போட்டுட்டு" வருவதாகப் போய்விட்டது.

மாடியில் நின்று பார்த்தால் காட்சி அருமையாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். மொத்தம் 14 கோபுரங்கள். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம், 170 அடி. ஆனால் இறங்கி வரும் படிக்கட்டு நேராகக் கடைக்குள்தான் முடிகிறது. பாய் விரித்து உட்காரவைத்து, டீ கொடுத்து, "இது அரசு எம்போரியம் சார், ஃபிக்ஸட் ரேட்" என்று ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டில் அரசு சார்ந்த கடை என்றால் துணிக்குக் கோ-ஆப்டெக்ஸ், கைவினைப் பொருளுக்குப் பூம்புகார். பெயர்ப் பலகையில் அதுவே எழுதியிருக்கும். எம்போரியம் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துக்கொள்ளலாம்.

"ஒரிஜினல் கைக்கட்டுச் சுங்குடி" என்று ஒரு சேலையை விரித்து 4,800 ரூபாய் என்றார்கள். அம்மா எதுவும் பேசாமல் முந்தானையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். வெளியே பளிச்சென்று இருந்த புள்ளிகள் உள்ளே வெளிறிக் கிடந்தன. சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியையும் நூலால் முடிச்சுப் போட்டுத்தான் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கிப் புடைத்து நிற்கும், ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. இந்தச் சேலையில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, துணியும் வழவழவென்று இருந்தது. "அச்சுப் போட்டதுடா" என்றார் அம்மா, அவர்கள் காதில் விழும்படியே. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை வைத்து அச்சுத் துணியை விற்கிற இவர்களை என்ன சொல்வது?

எழுந்து கிளம்பினோம். யாரும் தடுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. விலை மட்டும் 4,800-லிருந்து 3,000, 2,200 என்று இறங்கிக்கொண்டே வந்தது. டிரைவருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன், அதே பதில். "பெட்டி அவன்கிட்டல்ல இருக்கு" என்று அம்மா மெல்லச் சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "எங்கேயும் போக மாட்டாரும்மா, வந்துருவாரு. இன்னொரு டீ சொல்லட்டுமா?" என்றார். கடைசியில் 1,400 ரூபாய்க்கு ஒரு சேலை வாங்கினோம். பில்லைக் கையில் வாங்கிப் படியிறங்குவதற்குள் டிரைவரின் போன் உயிர்பெற்றது, ஆளும் தெருமுனையில் நின்றார். கமிஷன் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மணி ஒன்றாகிவிட்டது. இப்போது நிஜமாகவே நடை சாத்தியிருந்தார்கள்.

சாப்பாடும் மகாலும் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. 1636-இல் கட்டியதில் மிஞ்சியது ஒரு பகுதிதான் என்கிறார்கள், அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கிறது. ஆனால் மகாலை விட்டு வெளியே வந்தால் மறுபடி வண்டி இல்லை. "டிராஃபிக்ணே, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிச் சொல்லி நாலு மணிக்கு மேல்தான் வந்தார்.

அவனியாபுரம் தாண்டி, ஏர்போர்ட்டுக்குச் சற்று முன்னால், சாலையோரம் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். "கணக்கை முடிச்சுக்கலாம்ணே." 1,500 என்று பேசியது 4,200 ஆகியிருந்தது. வெயிட்டிங் சார்ஜ், பார்க்கிங், ஏர்போர்ட் என்ட்ரி என்று விரல் மடக்கினார். அப்போது மணி நாலே முக்கால். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். எங்களுக்கு அது ஐந்து பத்து. வாதாடினேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "எனக்கென்னண்ணே, நான் எவ்வளவு நேரம்னாலும் நிப்பேன். உங்களுக்குத்தான் லேட்டாகுது."

காலையில் அந்த நேரத்தைக் கேட்டது இதற்குத்தான். 3,500-க்கு இறங்கினார், ஜிபேயில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

இனிப் போகிறவர்கள் விமான நேரத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம். சொல்லியே ஆக வேண்டும் என்றால் நிஜ நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முந்தைய ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். டேக்கைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முழு நாளுக்கு ஒரே வண்டி பேச வேண்டாம். ஆப்பில் டவுனுக்கு ஒரு வண்டி, திரும்ப வேறு வண்டி, இறங்கும்போதெல்லாம் கணக்கை முடித்துவிடுங்கள்.

பெட்டிக்கு என்ன செய்வது? ரயில்வே ஜங்ஷன் கிளோக் ரூமில் ரயில் டிக்கெட் கேட்பார்கள், விமானத்தில் வந்தவருக்கு அது உதவாது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. சில மணி நேரத்துக்கு ஒரு ரூம் போட்டுப் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். வாடகை வீண் என்று தோன்றும். நாங்கள் இழந்ததைக் கணக்குப் போட்டால் அது மலிவு.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு வந்த தடை. கவுன்ட்டரில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். ஆகவே உள்ளே இருக்கும்வரை வண்டியைக் கூப்பிட வழியில்லை, போனிலிருக்கும் டிக்கெட்டும் கையில் இருக்காது. டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், லாட்ஜ் நம்பரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் "500 குடுங்க, நேரா சந்நிதிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது வந்தால் நிற்காமல் நடங்கள். 50, 100 ரூபாய்க்குச் சிறப்பு தரிசனச் சீட்டைக் கோயிலே கொடுக்கிறது, தர்ம தரிசனத்துக்குக் காசே கிடையாது.

நடுவழியில் வண்டியை நிறுத்திப் பணம் கேட்டால் 112-க்கு அடியுங்கள், 'காவல் உதவி' செயலியையும் முன்னாலேயே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஜிபேயில் போட்டதால்தான் யாருடைய கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்பது என் கையில் இருக்கிறது. அதையும் வண்டி நம்பர் பிளேட் படத்தையும் வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் காவல்துறைக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன். வெள்ளை போர்டு விஷயத்தைத்தான் முதல் வரியில் எழுதினேன். கட்டணத் தகராறு என்றால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம், பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதை அப்படி ஒதுக்கிவிட முடியாது.