எச்.எம்.வி. 102: ஆறு வருடம் சாவி கொடுத்த அனுபவம்

என்னிடம் இரண்டு கிராமபோன்கள் இருக்கின்றன. ஒன்று பார்க்க அழகாக இருக்கும், இன்னொன்று பாடும். அழகானதைத்தான் முதலில் வாங்கினேன்.

2018-ல் ஒரு பழம்பொருள் கடையில், எட்டுப் பட்டை மரப்பெட்டியும் பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமுமாக உட்கார்ந்திருந்தது. "நூறு வருசத்துப் பொருள் சார்" என்றார் கடைக்காரர். பதினோராயிரம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அடிப்பலகையைக் கழற்றப் போனால், திருகாணியின் தலையில் பழங்காலத்து ஒற்றைக் கோடு இல்லை, புதுக்காலத்து நட்சத்திர வெட்டு. பெட்டிக்குள் புது மரவாசனை. குழலைத் தாங்கும் வளைவு, பிளம்பர் வைத்த பைப் மாதிரி முரட்டுத்தனமாக இருந்தது. சவுண்ட் பாக்ஸில் (ஊசியின் அதிர்வைத் தகடு வழியாக ஒலியாக்கும் வட்டப் பாகம்) பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. மோட்டார் மட்டும் நிஜமாகவே பழையது. எங்கோ நன்றாக இருந்த ஒரு சூட்கேஸ் கிராமபோனை உடைத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் இப்படிச் செய்து விற்பது பெரிய தொழில் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். "நம்ம பரண்ல ஒரு பாட்டுப் பெட்டி கெடக்குடா. பெரியப்பா கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கினது. சாவி எங்க போச்சோ தெரியல." சாவி எங்கும் போகவில்லை. மூடியின் உள்பக்கக் கவ்வியிலேயே இருந்தது.

கறுப்பு ரெக்ஸின் ஒட்டிய பெட்டி. எச்.எம்.வி. கம்பெனியில் இந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் 101 அல்லது 102 ஆக இருக்கும். 101 என்பது 1925-ல் வந்தது, அதில் 4-ஆம் எண் சவுண்ட் பாக்ஸ், மைக்கா தகடு. 1931-ல் வந்த 102-இல் பெரும்பாலும் 5ஏ அல்லது 5பி, வரிவரியான அலுமினியத் தகடு. என்னுடையதில் 5ஏ. பாட்டு முடிந்ததும் தானே நிற்கும் பிரேக்கும் இருந்தது. சரி, 102தான். 1950களின் கடைசிவரை இதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதால் பெரியப்பா கணக்கும் ஒத்துப்போகிறது.

சாவி கொடுத்தேன். சுற்றியது. நடுநடுவே உள்ளிருந்து 'டும்' என்று ஒரு சத்தம், உடனே பாட்டு ஒரு நெளி நெளியும். ஸ்பிரிங் உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். விஷயம் அதுவல்ல. ஸ்பிரிங் டப்பாவுக்குள் போட்ட கிரீஸ் பல வருடத்தில் கெட்டித்து மெழுகாகியிருந்தது. சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, திடீரென விடுபடும்போது வருவதுதான் அந்த டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மோட்டாரில் கை வைக்கும் முன் சாவி முழுவதும் இறங்கும்வரை சும்மா சுற்ற விட்டுவிடுங்கள். நான் அதைச் சரியாகச் செய்தேன். ஆனால் ஸ்பிரிங்கை டப்பாவிலிருந்து எடுக்கும்போது தோல் கையுறை போட சோம்பல்பட்டேன். சாவி இறங்கினாலும் டப்பாவுக்குள் அது அடங்கித்தான் உட்கார்ந்திருக்கும். பாதி வெளியே வந்ததும் மீதி தானாகப் பாய்ந்தது. கட்டைவிரல் தழும்பு இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, கிராஃபைட் கலந்த கிரீஸ் பூசி மறுபடி சுருட்டி உள்ளே வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. டும் சத்தம் அன்றோடு சரி.

சவுண்ட் பாக்ஸைப் பாட்டுக்கையோடு சேர்க்கும் ரப்பர் மரக்கட்டையாக இறுகியிருந்தது. மாற்றியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. சவுண்ட் பாக்ஸின் உடல் வார்ப்பு உலோகம். வயதானால் உப்பி விரிசல் விடும் சாதி. எனவே எந்தத் திருகாணியையும் அழுத்தி முறுக்க வேண்டாம்.

வேகம் பார்க்க, வட்டத்தில் 77 கோடு போட்ட காகிதத் தட்டைச் சுழலவிட்டுப் பார்ப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் எரியும் விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்குவதால், வேகம் நிமிடத்துக்கு 78 சுற்றுக்குச் சரியாக வந்ததும் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். எல்.இ.டி. வெளிச்சத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சோக் வைத்த பழைய டியூப்லைட் கடைசியில் மாட்டுக்கொட்டகையில் கிடைத்தது. அங்கே வைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிசெய்தேன்.

இனி தினசரிப் பாடு. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, ஒவ்வொரு பக்கத்துக்கும் சாவி. இசைத்தட்டில் கல்தூள் கலந்திருப்பதால் அது ஊசியைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஊசியால் மறுபடி போட்டால் அது தட்டைச் செதுக்கிவிடும். ஊசியில் கஞ்சத்தனம் செய்து ஒரு நல்ல கொலம்பியா கம்பெனித் தட்டைச் சாம்பல் நிறமாக்கியிருக்கிறேன். இன்னொன்றை ஸ்பிரிட்டால் துடைத்து நாசம் செய்தேன். தச்சர்கள் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலீஷ் போடுகிறார்கள், தட்டும் அதே அரக்கு என்பது அந்த நேரம் மூளைக்கு எட்டவில்லை. ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் போதும், நடு லேபிள் மட்டும் நனையக் கூடாது.

பின்னாளில் வந்த எல்.பி. என்ற பிளாஸ்டிக் இசைத்தட்டை இதில் போடவே கூடாது. சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், எல்.பி. தாங்குவது சில கிராம்தான். 1960களில் வந்த கடைசிக் காலத்து 78 தட்டுகளையும் (பீட்டில்ஸ் பாட்டுகூட இந்தியாவில் 78-இல் வந்தது) நான் இதில் போடுவதில்லை.

சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ குமிழ் கிடையாது. மெல்லிய ஊசி போட்டால் சன்னமாக, தடித்த ஊசி போட்டால் தெருமுனைவரை. ஆர்மோனியமும் ஆண் குரலும் அறைக்குள் ஆளே இருப்பதுபோல் ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், மட்டும் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்கும்.

போன மார்கழியில் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தேன், இறுகவே இல்லை. ஸ்பிரிங் உள்முனையில் முறிந்திருந்தது. புதிது தேடி அலைந்த பிறகுதான் முதலில் வாங்கிய அந்தப் பித்தளைக் குழல் பெட்டியின் ஞாபகம் வந்தது. அதன் மோட்டாரைத் திறந்து ஸ்பிரிங்கை அளந்தால் அகலம் அப்படியே ஒன்று. இந்தத் தடவை கையுறை போட்டுக்கொண்டேன்.

102 பாடுகிறது. மோட்டாரில் ஸ்பிரிங் இல்லாத குழல் பெட்டி கூடத்தில் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.