பழைய பட்டுக்கு டிரை வாஷா, பூந்திக்கொட்டையா?

அம்மாவின் பீரோவிலிருந்து என் கைக்கு வந்தவை 1970களில் நெய்த காஞ்சிபுரம் பட்டுகள். டிரை வாஷுக்குப் போடுவதா, வீட்டிலேயே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுவதா என்று யோசித்து, பெரும்பாலான சேலைகளுக்குப் பூந்திக்கொட்டை என்று முடிவு செய்தேன். செலவு, அலைச்சல் எல்லாம் தெரிந்த கதைதான். எனக்கு முக்கியமாகப் பட்டது வியர்வை.

டிரை வாஷில் தண்ணீர் கிடையாது. பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பானில்தான் துணி அலசப்படும். நெய், எண்ணெய்க் கறையை அது நன்றாகவே எடுக்கும். வியர்வை உப்போ தண்ணீரில்தான் கரையும். சேலை பளிச்சென்று வீடு திரும்பும், உப்பு மட்டும் இடுப்பில் சொருகிய இடத்திலும் கொசுவத்திலும் தங்கிவிடும். நாளடைவில் பட்டு அங்கேதான் இற்றுப்போகிறது. பந்தியில் சிந்திய ஜூஸும் அப்படித்தான். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை, சில வருடம் பீரோவில் கிடந்தபின் பழுப்புத் திட்டாகக் கிளம்பும்.

கடையில் "பாலிஷ் போட்டுடலாமாக்கா?" என்றும் கேட்பார்கள். பாலிஷ் என்றால் பசை ஏற்றி மொடமொடப்பாக்குவது. புதுச் சேலைக்கு அது சரி. பழைய பட்டில் பசை ஏறினால் மடிப்போடு மடிப்பாக விட்டுப்போகும்.

வீட்டு முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கொட்டையை நீக்கி, தோலை மட்டும் இரவு ஊறவைத்து, கசக்கி, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டியது தேநீர் நிறத்தில் இருக்கும். வெளிர் சேலை என்றால் நிறைய தண்ணீர் விட்டு நீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மஞ்சள் ஏறும். சலவைத்தூளில் உள்ள காரம் பட்டுக்கு ஆகாது. ஃபால்ஸைப் பிரித்துவிட்டு அலசினால் அது சுருங்கி ஓரத்தை இழுக்காது. நனைந்த பட்டுக்கு வலு குறைவு, அதனால் முறுக்கிப் பிழியவே கூடாது. துண்டில் சுருட்டி ஒற்றி, நிழலில் காயவைத்தால் போதும். கறுத்த ஜரிகையைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள், வெள்ளி மேல் உள்ள தங்கப் பூச்சு போய்விடும்.

ஆனால் சாயம் இறங்கும் சேலைக்கு இதெல்லாம் செல்லாது. முந்தானையின் உள்பக்க மூலையில் ஈர வெள்ளைத் துணியைச் சில நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் துளி நிறம் ஒட்டினாலும் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். அரக்கு பார்டர், சந்தன உடல் என்று இரண்டு நிறத்தை இணைத்து நெய்த, கோர்வை போட்ட சேலைகளில் இந்த ஆபத்து அதிகம். என்னிடம் இருக்கும் அப்படி ஒன்றை டிரை வாஷுக்குத்தான் கொடுக்கிறேன். பனாரஸ் டிஷ்யூ, கைவேலை செய்த சேலைகளை நான் கையாண்டதில்லை. அவற்றுக்கு என் பேச்சை நம்பி இறங்காதீர்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது நைந்த இடங்களைக் காட்டி, பாலிஷ் வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது உள்ளே வேலை செய்பவர் வரை போய்ச் சேராது.